மூன்று தடவை கேட்கும் ஊர்

எங்கள் ஊரில் ஒருவர் "வேண்டாம்" என்றால், "இன்னொரு தடவை கேளு" என்று அர்த்தம். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் தொட்டில் பிள்ளைக்குக்கூட இது தெரியும். டீ போடட்டுமா என்று கேட்டால் முதலில், "ஐயோ வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று கதவைப் பார்த்து ஒரு அடி வைக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டதும், "சரி, இவ்வளவு சொல்றீங்க, அரைக் கோப்பை" என்று உட்கார்ந்து கெட்டிலையே காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். டப்ளினிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பேங்க் மேனேஜர், முதல் "வேண்டாம்" காதில் விழுந்ததுமே கெட்டிலை இறக்கி வைத்துவிட்டார். நல்ல மனுஷன்தான் பாவம். ஊரை விட்டுப் போகும்வரை தனியாகவே டீ குடித்தார்.

கன்செப்டா டால்டிக்கு இந்த விஷயம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும். அவள் கல்யாணமே இதில்தான் நடந்தது.

அப்போது அவள் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையலறை வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை நடனத்துக்கு அக்காவின் பச்சைச் சட்டையையும் அக்காவின் செருப்பையும் மாட்டிக்கொண்டு போனாள். செருப்பு ஒரு அளவு சிறியது. மேடையில் பிடில் வாசித்துக்கொண்டிருந்த மாலக்கி, இடைவேளையில் இறங்கி நேராக அவளிடம் வந்து ஆட வருகிறாயா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மறுபடி கேட்டான். கால் வலிக்கிறது என்றாள், அது உண்மையும்கூட. அதற்குள் இடைவேளை முடிந்து, மேடைக்காரர்கள் அவனைக் கூப்பிட, அவன் போய்விட்டான். கன்செப்டாவுக்கு வயிற்றெரிச்சலாக வந்தது. 'அட பாவி, மூணாவது தடவ கேக்காமப் போறியே' என்று சுவரோரமாக நின்று மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். மாலக்கி மேடை ஏறினான், மைக்கைப் பிடித்தான். "அந்தப் பச்சச் சட்டப் பொண்ணு இன்னும் ஒரு தடவ வேண்டாம்னு சொல்லட்டும், நான் பிடிலக் கீழ வச்சுட்டு வீட்டுக்குப் போயிடறேன்" என்றான். மண்டபமே சிரித்தது. கூட வந்திருந்த அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கன்செப்டா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் என்ன, எல்லோருக்கும் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது. ஈரம் காயாத வயல்கள், கொஞ்சம் பசுமாடுகள், பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் படிப்பு, படித்த பிள்ளைகளுக்கு விமான டிக்கெட். ஒருத்தி பெர்த்தில் இருக்கிறாள், ஒருத்தன் பாஸ்டனில். கன்செப்டாவின் கைச்சமையல் ஊருக்குப் பிடித்துப்போனதால், திருநாள் என்றாலும் துக்கம் என்றாலும் அட்ராக்டாவின் பப் சமையலறையில் அவள்தான் நிற்பாள். பப்பின் முன்னறையில் மாலக்கி வாசிப்பான், பின்னறையில் இவள் சமைப்பாள். இத்தனை வருடத்தில் அவன் வாசிப்பதை அவள் பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். எத்தனை பிடில் சேர்ந்து வாசித்தாலும், மாவு பிசைந்துகொண்டே, "இது அவன்" என்று சொல்லிவிடுவாள். முதல் சுரத்தில் கொஞ்சம் சாய்ந்து நின்று, அப்புறம் பாட்டுக்குள் இறங்குவான். வேறு யாருக்கும் அந்தச் சாய்வு கிடையாது.

போன அக்டோபரில், மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த மாலக்கி வயல் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். இடது பக்கம்.

பேச்சு திரும்பி வந்தது. நடை திரும்பி வந்தது. இடது கை வந்தும் வராமலும் நின்றது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டும்போது சுண்டுவிரல் மட்டும் தன் பாட்டுக்கு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பிடிலுக்கு இடது கை விரல்தானே எல்லாம்? ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து, "எதுக்கும் வற்புறுத்தாதீங்க, மனசு நோக விடாதீங்க, அவரா செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது உடற்பயிற்சியைப் பற்றி. கன்செப்டா அதை அப்படியே முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாக ஊருக்குக் கொண்டுவந்தாள். சர்ச் வாசலில் சொன்னாள், மளிகைக் கடையில் சொன்னாள், மாட்டுச் சந்தையில் சொன்னாள்.

"மாலக்கிய வாசின்னு யாரும் நச்சரிக்கக் கூடாது. மரியாதைக்கு ஒரு தடவ கேளுங்க. வேண்டாம்னா அதோட விட்டுடணும். அவன் முயற்சி பண்ணி, வராம, எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட்டான்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அக்கார்டியன் வாசிக்கும் ஃபின்டன் கில்லீனிடம் மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொன்னாள். ஃபின்டனும் மாலக்கியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், ஒருவரை ஒருவர் திட்டாமல் ஒரு நாளும் உறங்காதவர்கள். "நீ வாயத் தொறந்தே, கழுத்த முறிச்சுடுவேன்" என்றாள். ஃபின்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சரிம்மா தாயே" என்றான். ஊர் அவள் சொன்னபடியே நடந்தது. மாலக்கிமேல் எல்லோருக்கும் அவ்வளவு பிரியம்.

இப்படியே மார்ச் வந்தது, புனித பேட்ரிக் திருநாளும் வந்தது.

காலைப் பூசைக்கு எல்லோரும் கோட்டில் பேட்ரிக் சாமிக்கான பச்சை மூவிலைக் கொத்தைக் குத்திக்கொண்டு வந்தார்கள். பூசை முடிந்து ஊர்வலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தீயணைப்பு வண்டி, கழுவித் துடைத்த டிராக்டர்கள். எங்கள் ஊரில் ஊர்வலம் போகிறவர்கள் அதிகம், நின்று பார்க்கிறவர்கள் குறைவு. அதனால் இரண்டு சுற்று வந்து, ஆளை மாற்றிப் பார்த்துக்கொள்வோம். அது முடிந்ததும் மொத்த ஊரும் அட்ராக்டாவின் பப்புக்குள் நுழைந்தது. தவக்காலத்தின் நடுவே கிடைக்கிற ஒரே விடுதலை இந்த நாள்தான். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்த ஃபின்டன், கறுப்பு பீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, "பேட்ரிக் சாமி, நீ நல்லா இருக்கணும்" என்று சாமிக்கே ஆசி வழங்கினான்.

சமையலறையில் கன்செப்டா இரண்டு பெரிய அண்டாக்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். உப்பிட்ட பன்றிக்கறியை முந்தின நாளே ஊறவைத்து உப்பை இறக்கி, மெதுவாக வேகவைத்திருந்தாள். கறி வெந்த தண்ணீரிலேயே கடைசியில் முட்டைக்கோஸை அள்ளிப் போட்டாள். தனித் தண்ணீரில் முட்டைக்கோஸ் வேகவைக்கிறவர்களைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. தோலோடு வெந்த உருளைக்கிழங்கு மாவாக வெடித்துச் சிரித்தது. பாலும் வெண்ணெயும் சேர்ந்த பார்ஸ்லி சாஸ் ஓரத்தில் கொதித்தது. கை அதன்பாட்டுக்கு வேலை செய்ய, காது மட்டும் முன்னறையில் இருந்தது. காலையிலிருந்து அவளுக்கு ஒரே பயம். குடித்த குஷியில் எவனாவது ஒருவன் மாலக்கியை வம்புக்கு இழுத்து, வாசி வாசி என்று கழுத்தைப் பிடித்து, அவன் பிடிலை எடுத்து, விரல் வராமல் நின்றுவிட்டால்? மொத்த ஊரும் இருக்கிறதே!

கச்சேரி தொடங்கியது. ஃபின்டனின் அக்கார்டியன், ஒரு புல்லாங்குழல், ஒரு ஆட்டுத்தோல் மேளம். கணப்புக்குப் பக்கத்தில், சுவரில் முதுகு சாய்கிற மாதிரிப் போட்டிருக்கும் நாற்காலி மாலக்கியுடையது. அதில் யாரும் உட்காரவில்லை. மாலக்கி பார் ஸ்டூலில், அரைக் கோப்பை பீரோடு, வெளியூர்க்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான். பரிமாறும் ஜன்னல் வழியாகக் கன்செப்டா எட்டிப் பார்த்தாள்.

முதல் பாட்டு முடிந்ததும் ஃபின்டன் தலையைத் திருப்பினான். "மாலக்கி, ஒண்ணு வாசிக்கிறியா?"

"வேண்டாம்ப்பா, நீங்க வாசிங்க."

"சரி" என்று ஃபின்டன் அடுத்த பாட்டை எடுத்துவிட்டான்.

அப்பாடா! கன்செப்டாவுக்கு மூச்சு வந்தது. கண்டம் தாண்டியது என்று கரண்டியைக் கீழே வைத்தாள். நல்லவன் ஃபின்டன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான், அவன் தட்டில் ஒரு துண்டு கறி கூட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பாட்டு முடிவதற்குள் மாலக்கி சமையலறைக்குள் வந்தான். வந்தவன் கதவுநிலையில் சாய்ந்து நின்று அண்டாவைப் பார்த்தான்.

"பசிக்குதா? ஒரு தட்டு போடவா?" என்றாள்.

"வேண்டாம்."

"சரி, அப்புறமா சாப்பிடு" என்று எடுத்த தட்டை அடுக்கில் திருப்பி வைத்தாள்.

அவன் அந்தத் தட்டையே பார்த்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீயுமா?" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன நானுமா?"

"ஒண்ணுமில்ல, விடு." போகத் திரும்பியவன் போகவில்லை. "இல்ல, கேட்டுடறேன். அக்டோபர்ல இருந்து இந்த ஊருல ஒரு நாதியும் என்னைய எதையும் ரெண்டாவது தடவ கேக்கல. டீ குடிக்கிறியா, வேண்டாம், சரி. கார்ல கொண்டுபோய் விடவா, வேண்டாம், சரி. எழவு வீட்டுக்குப் போனாக்கூட மூணு தடவ கேட்டு ஒரு சாண்ட்விச்ச வாயில திணிக்காம அனுப்ப மாட்டாங்க. நான் உசுரோட நிக்கிறேன், என்கிட்ட ஒரு தடவையோட கணக்க முடிச்சுக்கறாங்க. இவன் இனி தேற மாட்டான்னு எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க போல. டாக்டர் உங்ககிட்ட எல்லாம் ஏதாச்சும் சொன்னாரா? என்கிட்ட சொல்லாம?"

கூடிப் பேசியது யார், முடிவு பண்ணியது யார் என்று கன்செப்டாவுக்குத்தானே தெரியும்? "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மாலக்கி" என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பினதாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஸ்டூலுக்குத் திரும்பிப் போனான்.

இவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். 'அடிப் பாவி கன்செப்டா, நல்லது பண்றேன்னு ஊர் வாயையே தச்சு வச்சிருக்கியே' என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனை அசிங்கப்படாமல் காப்பாற்றப் போய், அஞ்சு மாதமாக உயிரோடு பாடையில் ஏற்றி வைத்திருக்கிறாள். இப்போது என்ன செய்வது? கேட்கச் சொல்லலாம். கேட்டு, அவன் எடுத்து, விரல் வராவிட்டால்? அந்தப் பழைய பயம் அப்படியே எழுந்து நின்றது. ரொட்டி வேறு தீர்ந்துவிட்டது என்று அட்ராக்டா ஜன்னலில் கத்தினாள்.

மிச்ச சோடா ரொட்டி காரின் பின்பெட்டியில் இருந்தது. கன்செப்டா பின்வாசல் வழியாகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். துணியில் சுற்றிய ரொட்டிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மாலக்கியின் பழைய மழைக்கோட்டு. அது அங்கே எதற்கு என்று தூக்கினால், அடியில் பிடில் பெட்டி.

அவள் வைக்கவில்லை. அக்டோபரில் அவள்தான் அதை அலமாரிக்கு மேலே, கண்ணில் படாமல், போர்வைக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அவளைத் தவிர அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

பெட்டியைத் திறந்தாள். தந்திகளுக்கு அடியில் வில்லுக்குப் பூசும் ரோசின் பொடி வெள்ளையாக, புத்தம் புதிதாக உதிர்ந்து கிடந்தது. கட்டைவிரலால் மெதுவாக மீட்டினாள். நாலு தந்தியும் சுருதி சேர்ந்து பேசின. உள்துணியில் வைக்கோல் துணுக்குகள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள், மாட்டுக்கொட்டகை வாசனை.

தினமும் மத்தியானம், "கிடாரியப் பார்த்துட்டு வரேன்" என்று போவானே! அந்தக் கிடாரிக்கு ஒரு நோவும் இல்லை என்று கால்நடை டாக்டர் வந்து சொன்ன பிறகும் போவானே! இவள் என்னவோ, தனியாக அழப் போகிறான் என்று நினைத்து, பின்னாலேயே போகாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாளே! "திருட்டுப் பய, கிடாரிக்குக் கச்சேரி பண்ணிக்கிட்டு இருந்திருக்கான்" என்று வாய்விட்டே சொன்னாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் ரொட்டித் துணியில் துடைத்துக்கொண்டாள். அவன் வாசிக்க ஆசைப்பட்டுத்தான் இன்றைக்கு இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். மூன்றாவது தடவை கேட்டதும் எழுந்து போய் எடுத்து வரலாம் என்று தயாராக வந்திருக்கிறான். ஊர் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டது.

சிகரெட் பிடிக்க முற்றத்துக்கு வந்த ஃபின்டனை அவள் சட்டையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள்.

"ஃபின்டன், அவன மறுபடி கேளு."

"யார? எத?"

"மாலக்கியத்தான். வாசிக்கச் சொல்லிக் கேளு."

ஃபின்டன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தான். "தாயே, சர்ச் வாசல்ல நின்னு என்ன சொன்ன நீ? கேட்டா கழுத்த முறிப்பேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். இப்பக் கேக்கலேன்னா முறிப்பேன்."

"இது நல்லா இருக்கே! எந்தப் பக்கம் போனாலும் என் கழுத்துதானா?" அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவனும் நிறுத்தினான். குரலைத் தாழ்த்தி, "வராட்டி என்ன பண்றது கன்செப்டா? பாதியில நின்னுட்டா? எனக்கும் அந்தப் பயம் இருக்கு. என்னால அதப் பார்க்க முடியாது" என்றான்.

"வராட்டி வரல. வராததோட இருந்துக்குவான். கேக்காம விட்டதோட அவனால இருக்க முடியல, ஃபின்டன். நாம எல்லாம் சேர்ந்து அவனப் பொதச்சுட்டோம்னு நெனச்சுட்டு இருக்கான்."

ஃபின்டன் சிகரெட்டைப் போட்டு மிதித்தான். அவன் கண்ணும் சரியாக இல்லை. "எப்படிக் கேக்கறது? அஞ்சு மாசமா மரியாதையாப் பேசிப் பேசி எனக்குப் பழைய பேச்சே மறந்துபோச்சு."

"எப்பவும் கேக்கற மாதிரியே கேளு. மரியாதையே இருக்கக் கூடாது."

கன்செப்டா ரொட்டியை அட்ராக்டாவிடம் தள்ளினாள். பிடில் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்து போய், எல்லோரும் பார்க்க, கணப்புப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். அவள் சமையலறையை விட்டு முன்னறைக்கு வருவதே அபூர்வம். பேச்சு ஒவ்வொரு மேஜையாக அடங்கியது. பெட்டியைப் பார்த்ததும் மாலக்கியின் காது இரண்டும் சிவந்துவிட்டன.

ஃபின்டன் தொண்டையைக் கனைத்தான். "டேய் மாலக்கி! அந்த நாற்காலி சும்மா எடத்த அடச்சுக்கிட்டு கெடக்கு. வந்து உக்காந்து வாசிடா. நீ நல்லா இருந்தப்பவே உனக்குச் சுருதி சேராது. இப்ப மட்டும் புதுசா என்ன கெட்டுடப் போகுது?"

"யேசுவே!" என்றாள் அட்ராக்டா. கையிலிருந்த ரொட்டிக் கூடையை அப்படியே பார் மேஜையில் போட்டாள். புல்லாங்குழல்காரர் குனிந்து தன் காலணியைப் பார்த்தார்.

"வேண்டாம்டா" என்றான் மாலக்கி. "விரல் சரியில்ல."

ஃபின்டன் தயங்கினான். இரண்டாவது வேண்டாம் வந்தாகிவிட்டது, மூன்றாவது கேள்வி நாக்கு நுனியில் நிற்கிறது. ஆனால் அஞ்சு மாதப் பழக்கம், வாய் எழவில்லை. அவன் கன்செப்டாவைப் பார்த்தான். அவன் பார்த்ததும் மொத்தப் பப்பும் அவளைப் பார்த்தது. கேட்கக் கூடாது என்று சொன்னவள் அவள்தானே? கன்செப்டா மட்டும் மாலக்கியின் கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவன் பீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டிருந்தான்.

"மாலக்கி" என்றாள். இவ்வளவு பேர் முன்னால் அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ஊர் மேல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் எல்லார்கிட்டயும் கேக்காதீங்கன்னு சொன்னேன். டாக்டர் ஒண்ணும் சொல்லல. எனக்குப் பயம், அவ்வளவுதான். வேற ஒரு எழவும் இல்ல."

"நீயா சொன்ன?"

"நாந்தான்."

"எல்லார்கிட்டயுமா?"

"ஃபாதர்கிட்ட கூட."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. மாலக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் திட்டப்போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள், திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். அவன் தோள் இரண்டும் மெதுவாகக் கீழே இறங்கின, மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி. "அட, அவ்வளவுதானா!" என்றான். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன், போ!"

"இப்ப நான் கேக்கறேன். மூணாவது தடவ. வந்து வாசி."

மாலக்கி ஸ்டூலை விட்டு இறங்கினான். "இவ்வளவு சொல்றீங்க, சின்னதா ஒண்ணு" என்றான். பாதிப் பப் கைதட்டியது, மீதிப் பப் மூக்கைச் சிந்தியது.

அவன் வில்லை எடுப்பதை அவள் பார்க்கவில்லை, சமையலறைக்கு ஓடிவிட்டாள். பார்த்து என்ன தெரியும், அவளுக்குக் கேட்டால்தானே தெரியும்? அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேகமான ரீல் மெட்டு எதையும் அவன் எடுக்கவில்லை. நிதானமான ஒரு ஜிக் மெட்டு. முதல் சுரம் வந்தது, கொஞ்சம் சாய்ந்து நின்றது, அப்புறம் பாட்டுக்குள் இறங்கியது. அவனேதான். வேறு யாரும் இல்லை. கன்செப்டாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இரண்டாவது பகுதியில் மேலே போகிற இடத்தில் சுண்டுவிரல் வரவில்லை. ஒரு சுரம் விழ வேண்டிய இடம் வெறுமையாக நின்றது. அவள் கண்ணை இறுக மூடினாள். அவன் நிற்கவில்லை, அடுத்த சுரத்துக்குத் தாண்டிப் போய்விட்டான். திரும்ப அந்த இடம் வந்தபோது ஃபின்டனின் அக்கார்டியன் அந்த ஒரு சுரத்தை மட்டும் மெதுவாக வைத்துக் கொடுத்தது. அதற்கடுத்த தடவை புல்லாங்குழலும் கொடுத்தது. தோல்மேளம் அவன் வேகத்துக்குத் தணிந்து நடந்தது. பழைய மாலக்கி மாதிரி இருந்ததா என்று கேட்டால், இல்லை. பழையபடி வருமா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் வாசித்தது மாலக்கி, கடைசிவரை வாசித்தான், தப்பு வந்த இடத்தில் "அட நாயே" என்று தன் விரலைத் திட்டிக்கொண்டே வாசித்தான். கன்செப்டா உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். அஞ்சு மாதமாக அடக்கி வைத்த அழுகை, வந்தபடி வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அழுது முடித்து முகம் கழுவும்போது ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. "பசி உசுரு போகுது, கறி இருக்கா இல்லியா?" என்றான். இன்றைக்கு எந்த மரியாதையும் பார்க்கவில்லை, யாரும் கேட்காமலே தானாக வந்து கேட்டான். இரண்டு தட்டு சாப்பிட்டான். கறித் தண்ணீரில் வெந்த முட்டைக்கோஸை வெண்ணெயில் புரட்டி, சாஸை ரொட்டியால் வழித்து, மூன்றாவதாக ஃபின்டன் தட்டிலும் கை வைத்தான். "கை நல்லாத்தான்டா இருக்கு உனக்கு!" என்று ஃபின்டன் தட்டை இழுத்துக்கொண்டான்.

மத்தியானம் சாய்ந்து, மேஜைகளைச் சுவரோரம் தள்ளி, நடனத்துக்கு இடம் பண்ணினார்கள். நாலு ஜோடி ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டும், ஏழு பேர்தான் எழுந்திருந்தார்கள். மாலக்கி நாற்காலியில் பிடிலோடு இருந்தான். ஃபின்டன் வாசிப்பைப் புல்லாங்குழல்காரர் தலையில் கட்டிவிட்டு ஆட்டக்காரர்களோடு நின்றான். ஜன்னலைப் பார்த்துக் குனிந்து வணங்கினான்.

"கன்செப்டா, ஆட வரியா?"

"ஐயோ வேண்டாம், கையெல்லாம் வெண்ணெய்" என்றாள் அவள். கை சுத்தமாகத்தான் இருந்தது. கால்விரல்கூட ஏப்ரனுக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஃபின்டன் அறை முழுவதையும் திரும்பிப் பார்த்தான். "கேட்டீங்களா? வேண்டாமாம். ஒரு தடவ கேக்கணும், வேண்டாம்னா அதோட விட்டுடணும். அதானே சட்டம்? அட்ராக்டா, நீ வா."

பப் அதிர்ந்தது சிரிப்பில். மேஜையைத் தட்டினார்கள், காலைத் தட்டினார்கள், "சட்டம்னா சட்டந்தான்!" என்று ஒருவர் கத்தினார். கன்செப்டா ஜன்னலில் முகம் சிவந்து நின்றாள். ஃபின்டனைப் பிடித்து அண்டாவில் முக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட, ஆட வேண்டும் போல இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று, இனி தானாக வருகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"கன்செப்டா" என்றான் மாலக்கி, நாற்காலியிலிருந்து. சிரிப்பு அடங்கியது. "ஆடுறியா?"

"நீ வாசிக்கறப்ப நான் யாரோட ஆடுறது? செருப்பு வேற கடிக்குது" என்றாள்.

மாலக்கி பிடிலைத் தாடையில் வைத்தான், வில்லைத் தூக்கினான். அவன் மூன்றாவது தடவை கேட்க வாயைத் திறப்பதற்குள் அவள் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.